கலைச்சொல் வேண்டுதல்: வறண்ட மண்ணில் வளரும் காட்டுப் புளூபெர்ரி

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளைப் பற்றிய கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி ஒப்படைக்க வேண்டும். அதில் வரும் வாக்சினியம் பாலிடம் என்ற குறுஞ்செடிக்குப் பெயர் தேவை. ஓக், பைன் மரங்களின் அடியில், அமிலத்தன்மையுள்ள வறண்ட மேட்டு மண்ணில், மட்டநிலத்தண்டால் படர்ந்து முழங்காலளவே வளர்வது. ஈரமண்ணில் ஆளுயரம் வளரும் தோட்டத்து இனத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருப்பதால் புளூபெர்ரிக்குத் தமிழில் வழங்கும் ‘அவுரிநெல்லி’ என்ற பெயர் மட்டும் போதாது. ‘புன்செய் அவுரிநெல்லி’ எனலாமா?

தமிழாசிரியர்:
ஐயா, புன்செய் என்பதில் ‘செய்’ வயலைக் குறிப்பதால், உழாத காட்டில் முளைப்பதற்கு அது பொருந்தாது. அவுரியோ சாயச்செடி, நெல்லியோ வேறு குடும்பம். வறண்ட நிலத்தில் கருங்கனி தரும் புதர் நம்மிடமே இருக்கிறது. புறநானூற்று 127ஆம் பாடலில் சீறியாழின் கருங்கோட்டுக்கு, அதாவது சிறு யாழின் கரிய தண்டுக்கு, உவமையாவது களங்கனி என்னும் களாப்பழம் அன்றோ? ‘சீமைக்களா’ என்போம். ‘பாலிடம்’ என்பதற்கு இலத்தீனில் ‘வெளிறியது’ என்பது பொருள். நம் ‘பால்’ என்னும் சொல்லோடு அதற்கு வேர்த்தொடர்பு உண்டா என்பதும் ஆராயத்தக்கது.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, அந்தப் பாலை விடுவோம். களாவை ஒடித்தால் வடியும் பாலைப் பார்ப்போம். இச்செடியில் பாலும் இல்லை, முள்ளும் இல்லை. கனியின் மெழுகுப் படலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் நீலம் அகன்று கருமை தெரியும் என்பது மெய்தான். ஆயினும் மாணவர் கண்ணில் முதலில் படுவது நீலமே. மேலும், நீலகிரிச் சோலைகளிலுள்ள வாக்சினியம் லெசனால்டியும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. அது மரம், அதனையும் களா என்பீர்களா? ‘வறள்நில அவுரிநெல்லி’ என்பது என் பரிந்துரை. வறள்நிலம் வினைத்தொகை, ஆகவே இலக்கணத்திலும் குறையில்லை.

மென்பொருள் நண்பர்:
கடைக்காரருக்கும் குழந்தைக்கும் தெரிந்த சொல் புளூபெர்ரி. ‘வறள்நிலப் புளூபெர்ரி’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
காலக்கெடு நெருங்குவதாலும், மறுப்பைவிட உடன்பாடே மிகுதி என்பதாலும் ‘வறள்நில அவுரிநெல்லி’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் புளூபெர்ரி என்று தருகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதே ஓக் காட்டில் இதனோடு கலந்து வளரும் ஹக்கிள்பெர்ரியும் உங்கள் கையேட்டில் வரத்தானே போகிறது? அதன் கனி கறுப்பு, உள்ளே கடினமான விதைகள் பத்து. அதற்காவது களாவை விட்டுவைப்பீர்களா?