எந்த டாங்க்? திருகோணமலைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்:

போன கிழமை மகள் ஆங்கிலக் கொப்பியோடு வந்து நின்றாள். ‘டாங்க்’ என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் வைத்து ஐந்து வசனம் எழுத வேண்டுமாம். “திருகோணமலைப் பிள்ளைக்கு இதற்கு அகராதி எதற்கு? கந்தளாயில் பஸ் ஏறி ஜன்னலோரம் இரு, போதும்” என்றேன். ஏறுகிற இடத்தில் குளம். சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் குதங்கள், எண்ணெய் சேமிக்கிற பெரிய தொட்டிகள். டவுனுக்குள் வந்தால் கூரைக்குக் கூரை கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. நாம் மூன்று பெயர் வைத்திருக்கிறோம், இங்கிலிஷ்காரன் ஒன்றோடு சமாளிக்கிறான்.

அந்த ஒற்றைச் சொல்லால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

2005, சுனாமிக்கு அடுத்த வருஷம். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கமக்காரர் சங்கம் தங்கள் சின்னக் குளத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. கட்டு இரண்டு இடத்தில் அரித்துப்போயிருந்தது. துருசுக் கதவு, அதுதான் வயலுக்குத் தண்ணீர் திறந்து விடுகிற மதகுக் கதவு, இறுகிப்போய், இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. கடிதத்தை ஆங்கிலமாக்கியது நான்தான். இலங்கையில் படித்தவனுக்குக் குளம் என்றால் டாங்க்தானே? நில அளவைப் படத்திலும் அப்படித்தான், நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பலகையிலும் அப்படித்தான். ‘கிராமத்து டாங்க் பழுது, 60 குடும்பம் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறது’ என்று எழுதி வைத்தேன். குளிர்நாட்டிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன அதிகாரி. வாசித்தார், மனம் இரங்கினார், அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் லொறி போனது, நானும் கூடப் போனேன். சங்கத் தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு பத்துப் பேரைக் கட்டில் நிறுத்தி வைத்திருந்தார். பின்கதவைத் திறந்தால் உள்ளே 1000 லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று. மூடி கீறுப்படாமல் பொலித்தீன்கூடச் சுற்றியிருந்தது. தலைவர் அதை ஒருதரம் சுற்றி வந்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டொம் என்றது.

“தம்பி, இதை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம்?”

எனக்கு நாக்கு எழும்பவில்லை. தாங்கி பாலர் பாடசாலைக்குப் போனது, அதில் நட்டமில்லை. குளத்துக்காகத் திரும்ப எழுதிய கடிதத்தில் டாங்க் என்ற சொல்லே கிடையாது. வயலுக்குப் பாயும் நீர்த்தேக்கம், கட்டு இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம் என்று அளவோடு எழுதினேன். அதற்குள் ஒரு பெரும்போகம் போய்விட்டது.

கந்தளாயிலிருந்து:

வாசித்துச் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு யாரும் சிரிப்பதில்லை. 1986 ஏப்ரல் 20, சித்திரை வருஷம் முடிந்து ஒரு கிழமை. விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நித்திரையிலேயே போனவர்கள் நிறையப் பேர்.

என் பெரியண்ணன் அப்போது வளைகுடா நாடொன்றில் வேலை. அங்கே ஆங்கிலப் பேப்பரில் இரண்டு வரிச் செய்தி: இலங்கையில் டாங்க் உடைந்தது. ‘எங்கேயோ தண்ணி டாங்கி வெடிச்சிருக்குப் போல’ என்று அறையில் எல்லாரும் பேசிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அண்ணனும் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வேறொரு ஊர்க்காரர் வந்து குளம் என்று சொன்ன பிறகுதான் விழுந்து புரண்டாராம். நாங்கள் தப்பிய சேதி போய்ச் சேர இன்னும் நாள் எடுத்தது. “அந்தச் சோற்றை எப்படிச் சாப்பிட்டேன்” என்று இன்றைக்கும் சொல்லுவார்.

எங்கள் பக்கத்து ஐதீகத்தில் இந்தக் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன், கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த அதே அரசன். குளமும் கோட்டமும் சேர்ந்து பெயராகிவிட்ட மனிதன். அதை இங்கிலிஷில் போட்டுப் பாருங்கள், தொட்டிக் கம்பனிப் பெயர் போல இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து:

சின்னக் கதை. 90களில் என்ட வாப்பா நீர்ப்பாசன வேலையில் இருந்தவர். சோதனைச் சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். குளத்துக்குச் சிங்களத்தில் ‘வெவ’ என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. “டாங்கி பலன்ன” என்றுவிட்டார், டாங்கி பார்க்கப் போகிறேன் என்று. சிங்களத்தில் டாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டியும்தான், யுத்த தாங்கியும்தான். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், எது ஞாபகம் வரும்? இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பையிலிருந்த துருசுத் திறப்பை எடுத்துக் காட்டின பிறகு, வயதான ஒரு ஆமிக்காரர் “வெவ, வெவ” என்று சிரித்து விட்டாராம். வாப்பாவுக்குச் சிரிப்பு வர நாலைந்து வருஷம் எடுத்தது.

உப்புவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

என் மாணவன் ஒருவன் பரீட்சைக் கட்டுரையில் எழுதினான்: ‘என் தாத்தா டாங்க்கில் வேலை செய்தார். ஜப்பான்காரர் வந்தபோது டாங்க் எரிந்தது.’ வெளியூரில் திருத்தியவர் சிவப்பு மையால் கோடு போட்டு, இலங்கையில் டாங்க் சண்டை நடக்கவில்லை என்று எழுதிவிட்டார். பையன் சொன்னதோ அட்சர சுத்தமான உண்மை. 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றில் ஒன்று சீனன்குடா எண்ணெய்க் குதத்தின் மேலேயே விழுந்தது, குதம் நாட்கணக்கில் எரிந்தது. வெள்ளைக்காரன் கட்டியவை 101, இன்றைக்கு எண்ணினால் 99. திருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன், குதம் என்று ஒரு தமிழ்ச் சொல் இருப்பது ஆங்கிலக் கட்டுரைக்கு உதவாது.

யுத்த தாங்கிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பொய்யால்தான். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அந்த வாகனத்தை இரகசியமாகச் செய்தபோது, வெளியில் தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று கதை கட்டினார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது உருண்டு வந்தது. பொய்ப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெடியன்கள் போடுகிற கையில்லாத டாங்க் டொப்பிலும் அதே தொட்டிதான். நீச்சல் தொட்டியில் குளிக்கப் போட்ட உடுப்பிலிருந்து வந்த பெயர்.

சொல்லின் வேர் எங்கே என்று கேட்டால் அகராதிகள் நம் பக்கம்தான் கை காட்டுகின்றன. குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டிக்கு உள்ள சொல்லையும், போர்த்துக்கேயச் சொல் ஒன்றையும் சொல்கின்றன. தமிழகத்தில் சின்ன ஏரிக்குத் தாங்கல் என்பார்கள், வேடந்தாங்கல் போல. அதையும் இதையும் முடிச்சுப்போட எனக்குத் துணிவில்லை. ஆனால் டாங்க்கைத் ‘தாங்கி’ என்று எழுதிய முதல் ஆளைக் கண்டால் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுப்பேன். சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் பிறந்ததிலிருந்து இருந்தது போல உட்கார்ந்துவிட்டது.

தொடங்கியவர்:

மாஸ்டர், உங்கள் தாங்கிக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. மகளுக்குக் குளம், குதம், தண்ணீர்த் தாங்கி, யுத்த தாங்கி என்று நாலு வசனம் முடிந்து, ஐந்தாவதற்குப் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போனில் விளையாடிக்கொண்டிருந்த மருமகன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “நான்தான் டாங்க்.”

“நீ எப்படியடா டாங்க்?”

“விளையாட்டில, மாமா. டாங்க் என்டா முன்னுக்கு நிண்டு எல்லா அடியையும் வாங்கோணும். மற்றாக்கள் பின்னுக்கு நிண்டு சுடுவினம்.”

“அப்ப தாங்கி என்று சொல்லு.”

“ஓம், தாங்கிதானே” என்றான், நான் என்ன புதிதாகச் சொல்லிவிட்டேன் என்பது போல. மகள் அதையே ஐந்தாவது வசனமாக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். டீச்சர் சரி போட்டாரா, சிவப்புக் கோடு போட்டாரா என்று பின்னேரம் வந்தால்தான் தெரியும்.