மரமை, மரத்தை

நான்: சித்தி, தருணுக்கு ஆறு வயது முடியப் போகிறது. இன்னும் ‘மரமை வெட்டினாங்க’, ‘அக்கா வந்தான்’ என்கிறான். டைனோசர் பெயர் மட்டும் இருபது தெரியும்!

அம்மா: நாக்கில் வசம்பு உரசித் தடவு என்று அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டீர்கள்?

அப்பா: மரம் + அத்து + ஐ = மரத்தை. நடுவில் வந்து சேர்வது அத்துச் சாரியை. பையனை அனுப்பு, ஒரே நாளில் சொல்லித் தருகிறேன்.

அண்ணன்: பள்ளிக்கூடம் திறந்தாச்சு 😂

சித்தி: அத்தான், நீங்கள் சாரியை படித்தது பள்ளியில். ‘மரத்தை’ என்று பேசியது அதற்கு எவ்வளவோ முன்னால். அக்காவுக்கு இன்றைக்கும் அந்த விதி தெரியாது. ஒரு தடவையாவது ‘மரமை’ என்றிருக்கிறாளா?

அம்மா: என்னை ஏன் இழுக்கிறாய்?

சித்தி: உன் சிக்குக் கோலத்தை வாயால் சொல்லச் சொன்னால் திணறுவாய். கை தானாக ஓடும். அது செய்து செய்து ஏறும் நினைவு. பெயர், தேதி எல்லாம் வேறு வகை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர். 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது!

அண்ணன்: அப்போ இலக்கணமும் சைக்கிள் மாதிரியா?

சித்தி: மைக்கேல் உல்மன் என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார். சில குழந்தைகளுக்கு மொழி தடுமாற அந்தப் பழக்க நினைவு மந்தமாக இருப்பதும் காரணமாகலாம் என்று 2005இல் எலிசபெத் பியர்பாண்டுடன் சேர்ந்து எழுதினார்.

நான்: ஐயோ, தருணுக்கு சைக்கிளும் லேட்டாகத்தான் வந்தது!

சித்தி: அவசரப்படாதே கவி. அந்தப் பழக்க நினைவைச் சோதிக்க, திரையில் புள்ளி வரும் இடத்துக்கு ஏற்ப பொத்தானைத் தட்டச் சொல்வார்கள். ஒளிந்திருக்கும் வரிசை பழகப் பழக வேகம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் ஒரே குழந்தை இன்று ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி. அதை நம்பி ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்த மாட்டேன். காது சோதனை செய்தாயா?

நான்: இல்லை சித்தி.

சித்தி: முதலில் அது. சனிக்கிழமை அவனைக் கூட்டி வா, நானும் பார்க்கிறேன். அத்தான், சாரியை வேண்டாம். ‘மரமை’ என்றால் ‘எந்த மரத்தை வெட்டினாங்க?’ என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நூறு தடவை காதில் விழட்டும்.

அம்மா: வசம்பு?

சித்தி: டப்பாவிலேயே இருக்கட்டும் அக்கா.

அப்பா: இப்போதுதான் ஃபோனில் பேசினான். ‘தாத்தா, புத்தகமை கொண்டு வாங்க’ என்றான். ‘எந்தப் புத்தகத்தை?’ என்று கேட்டேன்.

அண்ணன்: அப்புறம்?

அப்பா: ‘டைனோசர் புத்தகமை.’