ஜெண்டர் டிஸ்ஃபோரியா: ‘பாலின உளைவு’ பொருந்துமா?

அன்பர்களே,

தன் பாலினம் குறித்து ஒருவர் படும் வேதனையான ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’வுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளில் ‘பாலின ஒவ்வாமை’ என்றால் தோல் தடிப்புதான் நினைவுக்கு வரும். ‘பாலினத் திரிபு’ ஆளையே பழிக்கிறது, அடியோடு விடலாம். ‘பாலின இசைவின்மை’ என்றே வைத்துவிடலாமா?

> ‘பாலின இசைவின்மை’ என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. உணரும் பாலினமும் பிறப்பில் குறித்த பாலினமும் பொருந்தாத இசைவின்மை வேறு, வேதனை வேறு. 2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 (உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு) தன் நோய்ப்பெயரில் இசைவின்மையைத்தான் சொல்கிறது. வேதனை இருந்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. 2013இன் டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு) வேதனையைப் பெயரிலேயே வைத்தது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மருத்துவக் குறிப்பு குழம்பிப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தன்னை ஆண் என்றே உணரும் ஆணுக்கும் இவ்வேதனை வரும். இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்த ரேல்ஸ் ஆய்வில் (1999) ஆண்களில் 10 விழுக்காட்டினருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 1 விழுக்காடுதான். அந்த மருந்து ஆண்ட்ரோஜன் என்ற ஆண் இயக்குநீரின் ஏற்பிகளையும் அடைப்பதே காரணம். சட்டையைக் கழற்றக் கூசுபவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வீக்கம் புதிதென்றால் அதே வகை மருந்தான எப்லரெனோனுக்கு மாற்றினால் பெரும்பாலும் வடியும். ஓராண்டு கடந்து நார்த்திசு இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். இவரிடம் இசைவின்மை எங்கே இருக்கிறது? உளைச்சல்தான் இருக்கிறது.

ஆகவே ‘பாலின உளைவு’. தன் பாலினம் தரும் மகிழ்ச்சியான யூஃபோரியாவுக்கு ‘பாலின உவகை’ என்று எதிரிணையும் கிடைக்கும்.

> இவரிடம் இசைவின்மை எங்கே இருக்கிறது?

சரியான கேள்வி அம்மா. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) வந்து முகத்திலும் உடலிலும் முடி வளரும் பெண்களிடமும் இதே நிலைதான். ஃபெரிமன்-கால்வே அளவீடு 9 இடங்களின் முடியை 0 முதல் 4 வரை மதிப்பிடும். தாடை முடியால் ‘நான் பெண்ணாகத் தெரியவில்லையோ’ என்று குமைவதை அது அளக்காது. மதிப்பெண் குறைவு என்று திருப்பி அனுப்புவது தவறு. முடியைக் குறைக்கும் மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

பிறப்பில் குறித்த பாலினத்தையே தன்னுடையதாக உணரும் சிஸ்ஜெண்டருக்கு ‘இயல்பான பாலினத்தவர்’ என்று எழுதக் கூடாது, திருநரை இயல்பற்றவராக்கிவிடும். ‘இசைபாலினர்’ என்று வைத்தால் ‘இசைபாலினரின் உளைவு’ முரணின்றி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: டி.எஸ்.எம்.-5 நோயறிதலுக்குக் குறைந்தது ஆறு மாத இசைவின்மை, பெரியவர்களுக்கு ஆறு அடையாளங்களில் இரண்டு, கூடவே வேதனையோ செயல்பாட்டுக் குறைவோ தேவை. இசைபாலினர் அதில் வரமாட்டார்கள். அகராதிப் பதிவை இப்படிப் பிரிக்கலாம்:

பாலின உளைவு — 1. தன் பாலின உணர்வோடு உடலோ பிறர் பார்வையோ பொருந்தாதபோது எவருக்கும் எழும் வேதனை. 2. (உளமருத்துவம்) டி.எஸ்.எம்.-5 வரையறுக்கும் நோயறிதல்.