வாழை விவசாயியான அப்பாவை சாட்ஸ்வொர்த் கூட்டிப்போகலாமா?

சின்னமனூரான்: மான்செஸ்டரில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். தேனிப் பக்கம் ஜி9 வாழை போடுகிறவர். லண்டன் காட்டியாகிவிட்டது, "எல்லாம் கட்டடமாத்தானப்பா இருக்கு" என்று முடித்துவிட்டார். சனிக்கிழமை டெர்பிஷையரில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போகலாமா? டிக்கெட் காசுக்குத் தகுமா? அவருக்கு முழங்கால் வலி வேறு.

மழைக்கோட்டு: ஜி9 விவசாயியா? யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். உங்கள் தோட்டத்து வாழைக்குக் குடும்பப்பெயர் கொடுத்த வீடு அது! அங்கிருக்கும் டெவன்ஷயர் டியூக்குகளின் குடும்பப்பெயர் கேவண்டிஷ். ஆறாவது டியூக்கிடம் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், மொரீஷியஸ் கன்று ஒன்றைக் கண்ணாடிக் கொட்டகையில் சூடுபோட்டு வளர்த்து, 1835-இல் குலை தள்ள வைத்தார். பெயர் மட்டும் முதலாளிக்குப் போய்விட்டது. ஜி9-உம் அந்த கேவண்டிஷ் வகைதான்.

என் மாமனாரும் விவசாயிதான். அவர் அசந்துபோனது நீரூற்றைப் பார்த்து. ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று 1844-இல் அதே பாக்ஸ்டன் அமைத்தது. மேட்டில் எட்டு ஏக்கருக்கு ஏரி வெட்டி, குழாயில் கீழே இறக்கிவிட்டார். மோட்டார் கிடையாது, இறங்கும் அழுத்தத்திலேயே 90 மீட்டர் வரை எழும்பியிருக்கிறது. "மும்முனை கரண்டுக்கு ராத்திரி முழிக்க வேண்டாம்ல" என்றார் மாமனார். சக்கரவர்த்தி கடைசிவரை வரவே இல்லை, அது வேறு கதை.

பீக்காட்டுவாசி: முழங்கால் வலி என்கிறீர்களே. மாளிகைக்குள் நிறைய நடக்க வேண்டும். தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு, அதுவே போதும். வெளியே இருக்கும் பூங்காவில் நடக்கக் காசு கிடையாது, வண்டி நிறுத்தத்தான் கட்டணம். ஆற்றங்கரையில் ஆடு மேய்வதைப் பார்த்தபடி உட்காரலாம்.

மழைக்கோட்டு: உள்ளே போகாமல் வந்தால் வயலினை விட்டுவிடுவீர்கள். இசை அறையில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒன்று தொங்கும். அத்தனையும் ஓவியம். நான் எட்டிப் பார்த்து ஏமாந்தேன்.

சின்னமனூரான்: அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவரே அவசரப்படுத்துகிறார். "அந்த டியூக் வீட்டுக் குலையில எத்தனை சீப்பு இருந்துச்சாம், கேளு" என்கிறார். யாருக்காவது தெரியுமா?