மறு: சிறகுப்படலமா, சதையா?

வணக்கம்.

> டெரிஜியத்துக்கு "சிறகுப்படலம்" என்று வைத்துக்கொள்ளலாமா?

டெரிஜியம் (pterygium) என்பது வெண்விழியிலிருந்து கருவிழி மேல் ஏறி வளரும் சதை. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். சிறகு சரி. கிரேக்க மூலத்திலும் சின்னச் சிறகுதான். நேரில் பார்த்தாலும் மூக்கோரம் அகலமாகத் தொடங்கி, கருவிழி மேல் கூம்பி ஏறுகிற ஈச்சிறகு மாதிரி இருக்கும். படலம்தான் இடிக்கிறது. கண்ணில் ஏற்கெனவே கருவிழிப்படலம், கண்ணீர்ப்படலம் என்று படலத்துக்குப் பஞ்சமில்லை. "சிறகுப்படலத்தை எடுத்தபின் கண்ணீர்ப்படலம் சீரடையும்" என்று எழுதி, நீங்களே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

மதுரைப் பக்கம் "கண்ணுல சதை வளந்திருக்கு" என்பார்கள். மேலூரில் காலமெல்லாம் வெயிலில் நாற்று நட்ட என் பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார். புரை வேறு, பூ விழுவது வேறு, சதை வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. அதனால் என் ஓட்டு "சிறகுச்சதை"க்கு.

அடுத்து, கண் வறண்டுபோவதற்கு (dry eye) வைத்த "உலர்கண்". பெரியம்மாவிடம் "கண் காய்ஞ்சிருக்கும்மா" என்று மருத்துவர் சொன்னதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். நாள் முழுக்க நீர் வடிகிற கண்ணாயிற்றே! கோடையில் புழுதிக்காட்டில் பெய்த மழை ஊறாமல் ஓடுகிற கதைதான் அது. சதை மேடாக இருப்பதால், இமை மூடித் திறக்கும்போது கண்ணீர் ஒரே சீராகப் பரவுவதில்லை. கண்மேல் பரவிய அந்தக் கண்ணீர்ப்படலம் பத்து வினாடிகூடத் தாங்காமல் அங்கங்கே உடைகிறது. கண் உறுத்துகிறது; உறுத்தினால் நீர் கொட்டுகிறது. கீழிமையில் 35 மி.மீ. தாளைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் சோதனையில் இது பிடிபடாமலும் போகலாம். அது நீரின் அளவைத்தான் காட்டும், நிற்கிறதா என்பதைக் காட்டாது. அதனால் "கண் வறட்சி" என்ற பொதுச்சொல்லோடு "படலம் உடையும் நேரம்" என்பதும் நமக்கு வேண்டும். சதையை எடுத்தபின் பலருக்கு அந்த நேரம் கூடுகிறது. ஆனால் வறட்சியே போய்விடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். சொட்டு மருந்து தொடரலாம்.

அறுவையில்தான் ஒரு சிக்கல். சதையை உரித்த இடத்தை அப்படியே விட்டால் திரும்ப வளர்வது அதிகம். அதனால் மேலிமைக்கு அடியில் இருக்கும் வெண்விழித்தோலில் ஒரு துண்டு எடுத்து வைக்கிறார்கள். மாங்கன்றுக்குச் சொல்வதுபோல "ஒட்டு" என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். சரி, அதைத் தைக்காமல் பசை வைத்தும் பொருத்துகிறார்களே, அப்போது "ஒட்டை ஒட்டினார்கள்" என்றா எழுதுவது? இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.