மலையடிவாரக் கல் விசிறிகள்: நேரில் கண்டவை

நான் இருப்பது சுவிஸில் வலே மாநிலம், சியேருக்குப் பக்கத்தில். இங்கே இல்கிராபன் என்ற ஓடையில் கோடை இடிமழைக்குப் பிறகு வருடத்தில் சில தடவை கல்லும் சேறுமாக இறங்கும். ஒரு ஆடி மாத மாலை, அந்த ஓடைக்கு மேலே உள்ள, பூட்டான் பாலம் என்ற தொங்குபாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் வரும் என்று காத்திருந்தால், முன்னால் வந்தவை ஆளுயரப் பாறைகள்! ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. பின்னால்தான் கொங்கிரீட் கலவை போலச் சாம்பல் நிறச் சேறு. பாலத்துக் கம்பியில் அதிர்வு கைக்குத் தெரிந்தது.

பெருக்கு அடங்கிய பிறகு பார்த்தால் இரண்டு கரையிலும் பெரிய கற்கள் வரம்பு கட்டினாற்போல ஒதுங்கிக் கிடந்தன. அடுத்த பெருக்கு அந்த வரம்புகளுக்கு நடுவே ஓடும். எப்போதாவது முன்னால் வரும் பாறைகள் வழியிலேயே நின்று அடைத்துவிட்டால், பின்னால் வருவது கரையை உடைத்துக்கொண்டு தாழ்வான பக்கம் திரும்பும். ஆயிரக்கணக்கான வருடங்களாக இப்படி இடம் மாறி மாறிக் கொட்டித்தான் இந்த விசிறி, அதாவது மலையடியில் விசிறி போல விரிந்து கிடக்கும் கல்மண் மேடு, உண்டானது. ரோன் ஆற்றையே எதிர்ப்பக்க மலையோடு ஒட்டித் தள்ளிவிட்டது. 1961-இல் மேலே மலையில் நடந்த பெரிய பாறைச்சரிவுக்குப் பிறகு கட்டிய தடுப்பணைகளால் இப்போது ஓடை இடம் மாறுவதில்லை, கல்லெல்லாம் நேரே ரோனுக்குப் போகிறது. ஊருக்கு அது பாதுகாப்புத்தான். ஆனால் விசிறியின் வளர்ச்சி அதோடு நின்ற மாதிரித்தான்.

மறுமொழி: அண்ணா, லடாக்கிலும் இதே கதைதான். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவு லே பக்கம் இறங்கிய பெருக்கில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விமான நிலைய மழைமானியில் பதிவானதோ வெறும் 12.8 மில்லிமீட்டர். மேலே பள்ளத்தாக்குகளில் கொட்டிய மழை அதில் சிக்கவே இல்லை. அடுத்த கோடையில் லேக்குப் பக்கத்து ஊரான சோக்லம்சர் போனபோது ஜன்னல் வரை மண் மூடிய வீடுகளைப் பார்த்தேன். அந்த மண்ணைக் கையால் சுரண்டினால் மணலும் சேறும் கூழாங்கல்லும் ஒன்றாகக் குழம்பி வந்தன. ஆற்று வண்டலாக இருந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்து படிந்திருக்கும்.

சிந்து நதிக்குத் தெற்கே, ஸ்டோக் ஊர்ப் பக்கத்து விசிறிகள் இன்னும் பெரியவை. வயலும் வீடும் அவற்றின் மேல்தான், ஓடைத் தண்ணீரும் சாய்வு குறைந்த நிலமும் சேர்ந்து கிடைப்பது அங்கேதானே. பெரும்பாறைகள் பெரும்பாலும் மேல்பக்கத்திலேயே நின்றுவிடும், கீழ் ஓரத்துக்கு மெல்லிய சேறுதான் வரும். மலையடியில் மனை பார்க்கிறவர்கள் முதலில் சுற்றிக் கிடக்கும் கல்லின் அளவைப் பாருங்கள்.