வெஸ் ஆண்டர்சன் படமெல்லாம் ஒரே ஆல்பம் மாதிரி தெரிவது எனக்கு மட்டும்தானா?

கோபி கேமராக்காரன்:

கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறவன் நான். பொண்ணு மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பங்காளிகளைச் சமமாக அடுக்கி, குத்துவிளக்கு கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. அதனாலேயே அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சனின் கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல் (2014) பார்த்துச் சொக்கிப்போனேன். 1930களில் நடக்கும் பகுதிக்குத் திரையையே பழைய படம் போலக் கிட்டத்தட்டச் சதுரமாக்கியிருப்பார். அடுத்து ஃபிரெஞ்ச் டிஸ்பாட்ச். பாதியிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்டராய்ட் சிட்டி (2023) வந்தபோது கேமரா அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று நானே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு மனப்பாடம் ஒப்பிக்கிறார்கள்.

போன ஞாயிறு முகூர்த்தம் இல்லை, மழை வேறு. 2001இல் வந்த தி ராயல் டெனன்பாம்ஸ் போட்டேன். இதிலும் அதேதான்: நடுக்கோடு, மேலிருந்து கைகளைக் காட்டுவது, ஆளுக்கொரு சீருடை. மூத்த மகனும் அவன் பையன்கள் இருவரும் அநேகமாக எங்கே போனாலும் சிவப்பு டிராக் சூட்தான். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. காரணம் அந்த அப்பன், ஜீன் ஹேக்மன். குடும்பத்தை விட்டுப் பல வருசம் ஓட்டலில் இருந்தவர், அங்கிருந்தும் விரட்டியதும், வயிற்றில் புற்றுநோய் என்று பொய் சொல்லி வீட்டுக்குள் வந்துவிடுகிறார்.

எங்கள் அப்பாரு ஒன்பது வருசம் சண்டை போட்டுக்கொண்டு தோட்டத்துச் சாளையில் தனியாகக் கிடந்தார். ஒருநாள் பொழுதோட நெஞ்சு வலி என்று ஊர் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்தார். பார்த்த டாக்டர் வெறும் வாயு என்றார். ஆத்தா ஒன்றும் பேசவில்லை. சுக்குக் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாரு அதற்கப்புறம் சாளைக்குத் திரும்பவே இல்லை. ஹேக்மனின் திருட்டு முழியைப் பார்த்ததும் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

ஒரே பாணி என்பதுதான் கோளாறா, இல்லை, போகப் போக உள்ளே ஆளை வைக்க மறந்துவிட்டாரா? அடுத்து எதைப் பார்க்கலாமுங்க?

சென்னிமலைத் தறி:

ஏனுங்ணா, எங்கள் போர்வைக்கு ஜக்கார்டு அட்டை, அதாவது தறிக்கு டிசைன் சொல்லும் ஓட்டை போட்ட அட்டை, ஒன்றுதான். நூலுக்குச் சாயத்தை மாற்றினால் புது டிசைன் என்று விற்றுவிடுவோம். வாங்குகிறவர் வருசத்துக்கு ஒன்று வாங்குவதால் கண்டுபிடிப்பதில்லை. ஆண்டர்சன் இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு படம் எடுக்கிறார், நீங்கள் ஒரே மூச்சில் போர்த்திப் பார்க்கிறீர்கள். நம்ம வெள்ளாங்கோயில் பாக்யராஜும் படத்துக்குப் படம் அதே அப்பாவி முழிதானே? கதை முடிச்சு வேறு வேறாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம், விக்ரமன் படத்தில் 'லாலாலா' வராவிட்டால்தான் நமக்குக் கோபம் வரும்.

பொள்ளாச்சி டீச்சர்:

தம்பி, நான் ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், எனக்கும் நேர்க்கோடு பிடிக்கும். ஆனால் ஆஸ்டராய்ட் சிட்டியில் ஆள் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் வரும் அப்பாவும் உங்களைப் போலக் கேமராக்காரர்தான், போர்க்களத்தில் படமெடுக்கிறவர். பெண்டாட்டி செத்து மூன்று வாரம் ஆகிறது, பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அஸ்தியை ஒரு டப்பர்வேர் டப்பாவில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காரோட்டுகிறார். அந்த மூன்று பொட்டைப் பிள்ளைகளும் டப்பாவை மண்ணில் புதைக்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டீர்கள். பிரெஞ்ச் டிஸ்பாட்ச் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அது எனக்கும் தூக்கம்தான்.

பீளமேட்டுப் பையன்:

டெனன்பாம்ஸில் அந்த அப்பனுக்குக் கையாளாக வரும் பகோடாவைக் கவனித்தீர்களா? நடித்தவர் குமார் பல்லானா, 1918இல் இந்தூரில் பிறந்தவர். அமெரிக்காவில் தட்டுச் சுழற்றி வித்தை காட்டிப் பிழைத்த மனிதர். டல்லாஸில் அவர் மகன் நடத்திய காப்பிக் கடைக்கு ஆண்டர்சன் போய்வந்த பழக்கத்தில்தான் பல்லானா படத்துக்குள் வந்தார்.

அடுத்து தி டார்ஜிலிங் லிமிடெட் (2007) பாருங்கள். பேர்தான் டார்ஜிலிங், எடுத்தது ராஜஸ்தானில். அப்பன் செத்தபின் மூன்று அண்ணன் தம்பிகள் அவருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அலைகிறார்கள். சத்யஜித் ராய் படங்களின் இசையை எடுத்துப் போட்டிருக்கிறார். நம் நாட்டைக் கலர் கலராகக் காட்டி ஏய்க்கிறார் என்று சிலருக்குக் கோபம் வரும், எனக்கும் கொஞ்சம் வந்தது.

கோபி கேமராக்காரன்:

டீச்சருங்க, நேற்று ராத்திரி அந்த டப்பா காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். போன தடவை அந்த இடத்தில் ஃபிரேம் நட்ட நடுவில் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன், பிள்ளைகள் என்ன பேசின என்பதே காதில் விழவில்லை. பிரெஞ்ச் டிஸ்பாட்ச் விசயத்தில் மட்டும் என் கட்சி மாறாது. வெள்ளிக்கிழமை இரண்டு முகூர்த்தம் இருக்கிறது, டார்ஜிலிங் அதற்கப்புறம்தான்.